முழங்கால் வலியும் வைட்டமின் டி அளவும்: பரிசோதனைச் சீட்டிலிருந்து நாற்காலிப் பயிற்சி வரை

"வைட்டமின் டி குறைவாம், அதனால்தான் முட்டி வலியாம்." சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் பாதி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது "அதனால்தான்" என்ற சொல்லை. அந்த ஒரு சொல்லை நம்பி மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு காத்திருப்பவர்களின் தொடைத்தசை மாதத்துக்கு மாதம் மெலிகிறது, முழங்கால் இன்னும் மோசமாகிறது.

இதை ஆராய்ச்சிகள் நேரடியாகவே சோதித்துவிட்டன. 2013இல் பாஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் டியும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட், மெல்பர்ன் நகரங்களில் 413 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மாதம் 50,000 ஐயு (வைட்டமினை அளக்கும் அனைத்துலக அலகு) வீதம் இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். அந்த 413 பேருமே தொடக்கத்தில் டி அளவு குறைந்திருந்தவர்கள். 2020இல் அமெரிக்காவில் முழங்கால் வலியுள்ள 1,398 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 ஐயு கொடுத்து, எல்லாரையும் சுமார் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மூன்றிலுமே, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட டி எடுத்தவர்களுக்கு வலி குறிப்பிடும்படி குறையவில்லை.

வலி இருப்பவர்களிடம் டி குறைவாக இருப்பது ஏன் என்றால், பல சமயம் காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கின்றன. முட்டி வலிப்பதால் வெளியே போவதில்லை, போகாததால் வெயில் படுவதில்லை, எடையும் ஏறுகிறது. உடல் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் டி அளவு இறங்கும். ஆகவே குறைபாட்டைச் சரிசெய்வது எலும்புக்கும் தசைக்கும் செய்யும் வேலை. முழங்காலுக்கான வேலை தனி. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

வலி மூட்டிலா, எலும்பிலா?

பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன் வீட்டிலேயே இதைப் பாருங்கள். வயது 45க்கு மேல், நடந்தால் அல்லது படி ஏறினால் வலி, உட்கார்ந்தால் குறைகிறது, காலையில் எழும்போது உள்ள இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். இதைச் சொல்ல எக்ஸ்ரேகூட எல்லாருக்கும் தேவையில்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகம் தெரியும் சிலருக்கு வலியே இருக்காது. கொஞ்சமே தெரியும் சிலர் நடக்க முடியாமல் தவிப்பார்கள். "எலும்பும் எலும்பும் உரசுது" என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து நடப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

கடுமையான டி குறைபாடு வேறு மாதிரி பேசும். அதில் எலும்பே மென்மையாகிறது. வலி முட்டியோடு நிற்காமல் முன்கால் எலும்பு, இடுப்பு, விலா என்று பரவும். முன்கால் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும். இரண்டு தொடைகளிலும் வலு குறைந்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. நடை வாத்து நடைபோல் ஆடும். இந்த அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் டி மட்டும் கேட்காதீர்கள். கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான எலும்பில் பாஸ்படேஸ் ஏறியும் பாஸ்பேட் இறங்கியும் இருக்கும். இந்த வகை வலிக்கு மட்டும் வைட்டமின் டி உண்மையிலேயே மருந்து. சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலு திரும்பும்.

காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது மூட்டழற்சி வகை. அதற்கு வேறு மருத்துவம், தாமதமும் கூடாது.

யார் பரிசோதிக்க வேண்டும்?

எல்லாரும் வேண்டாம். அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டி 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமான டி பரிசோதனை தேவையில்லை என்கிறது. ஆனால் சிங்கப்பூரில் நம்மவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் உண்டு. வீட்டை விட்டு இறங்காத முதியவர்கள், உடல் முழுதும் மூடி உடுத்தும் பெண்கள், இரவு வேலை பார்ப்பவர்கள், மீனும் முட்டையும் தொடாதவர்கள், வலிப்புக்கு பெனிடோயின் அல்லது கார்பமசெபின் எடுப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம் அல்லது குடல் நோய் உள்ளவர்கள். கருமையான தோல் அதே அளவு டி தயாரிக்க வெளிர்த் தோலைவிட அதிக நேரம் வெயில் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானத் தம்பிகளை யாரும் இந்தப் பட்டியலில் நினைப்பதில்லை. நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு எப்படிக் குறையும் என்று தோன்றும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, தலைக்கவசத்துக்குக் கீழே துணி என்று தோலே வெளியே தெரிவதில்லை. கப்பல் பட்டறையில் தொட்டிக்குள் வேலை என்றால் வெயிலே இல்லை. அவர்களின் முட்டி வலிக்கு ஓடு பதிக்கும்போது மணிக்கணக்கில் மண்டியிடுவது முதல் காரணமாக இருக்கலாம். முட்டிக்கு மெத்தையட்டை கேட்டு வாங்கி அணிவது அவர்களுக்கு எந்த மாத்திரையையும்விட உதவும்.

கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. இதற்குப் பட்டினி தேவையில்லை. முடி வளர்ச்சிக்கு என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது டி அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ தொடங்குவதே நல்லது. மூட்டுத் தேய்மானம் நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் உள்ள நோய்களில் ஒன்று, ஆகவே அதற்கான சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்த வழியுண்டு. சாஸ் அட்டை (அரசின் சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை) இருந்தால் அதையும் காட்டுங்கள். பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிச் சென்றால் நிபுணரிடமும் சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

எண்ணைப் படிக்கும் முன் அலகைப் படியுங்கள்

பெரும் குழப்பம் இங்கேதான். ஊருக்குப் போகும்போது எடுத்த சீட்டில் அலகு பெரும்பாலும் நேனோகிராம்/மில்லிலிட்டர். இங்குள்ள சில சீட்டுகளில் நேனோமோல்/லிட்டர். முதலாவதை 2.5ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். மதுரையில் 24 வந்தவருக்குச் சிங்கப்பூரில் 55 வந்தால் அது இரட்டிப்பாக ஏறியதல்ல. 24 என்பது 60க்குச் சமம், அதாவது சற்றே இறங்கியிருக்கிறது. மைக்ரோகிராம்/லிட்டர் என்று போட்டிருந்தால் அது நேனோகிராம்/மில்லிலிட்டரேதான், கணக்கு வேண்டாம்.

நேனோகிராம் கணக்கில் 12க்குக் கீழ் கடுமையான குறைபாடு, 20க்குக் கீழ் குறைபாடு. 20 முதல் 30 வரை மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடம். எலும்புக்கு 20 போதும் என்பவர்களும் உண்டு, 30 வேண்டும் என்பவர்களும் உண்டு. சீட்டில் 26 என்று சிவப்பு எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டு இதுதான் முட்டி வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். 100க்கு மேல் போவதில் எந்த நன்மையும் இல்லை. 150க்கு மேல் நச்சு அளவு.

எவ்வளவு, எப்படி எடுப்பது?

சீட்டில் 12 முதல் 20 வரை, வேறு நோய் இல்லை என்றால் தினம் 1,000 முதல் 2,000 ஐயு டி3 (மாத்திரைகளில் வழக்கமாக வரும் டி வகை) போதுமானது. 1,000 ஐயு என்பது 25 மைக்ரோகிராம். சில புட்டிகளில் மைக்ரோகிராம் மட்டுமே அச்சிட்டிருப்பார்கள். 12க்குக் கீழே, அல்லது எலும்பு வலி இருந்தால், மருத்துவர் வாரம் ஒருமுறை 50,000 ஐயு வீதம் எட்டு வாரம் எழுதக்கூடும். மருத்துவர் சொல்லாமல் தினம் 4,000 ஐயுவைத் தாண்டாதீர்கள். பல்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, பால்மாவு ஆகியவற்றில் உள்ள டியையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பது கண்ணில் படுவதில்லை.

டி கொழுப்பில் கரையும். வெறும் வயிற்றில் காலைக் காப்பியோடு விழுங்கினால் உறிஞ்சப்படுவது குறையும். மதியச் சாப்பாட்டோடு, எண்ணெயோ மீனோ முட்டையோ உள்ள வேளையில் எடுங்கள். எடை குறைக்க ஆர்லிஸ்டாட் எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

கடையில் கிடைக்கும் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது, உறை ஜெலட்டின். சைவர்கள் பாசிக்காளானிலிருந்து (லைக்கன்) எடுத்த டி3 அல்லது இன்னொரு வகையான டி2 கேளுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் உறையின் மூலத்தைப் படியுங்கள். அழுத்திய மாத்திரையாகவோ சொட்டு மருந்தாகவோ வாங்கினால் ஜெலட்டின் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

இப்போது மிக அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் 60,000 ஐயு மாத்திரையும் பொடிப் பாக்கெட்டும் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தயாரிக்கப்பட்டவை. அட்டையில் நான்கு அல்லது எட்டு இருக்கும். அம்மாவின் மாத்திரை டப்பாவில் அதைத் தினசரி அறைகளில் பிரித்து வைத்துவிட்டால், ஒரு மாதத்தில் 18 லட்சம் ஐயு உள்ளே போய்விடும். ரத்தத்தில் கால்சியம் ஏறும்: தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பிறகு குழப்பமான பேச்சு, சிறுநீரகப் பாதிப்பு. முதியவர்களிடம் இவை வயதின் தளர்ச்சிபோலவே தெரியும், அதுதான் ஆபத்து. அட்டையின் மேல் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி, முடியும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

ஊரில் போடும் மூன்று லட்சம், ஆறு லட்சம் ஐயு ஊசியையும் முட்டி வலிக்காகக் கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் ஐயு கொடுத்தார்கள். அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் மற்றவர்களைவிட அதிகமாயின. சிறுகச் சிறுக எடுப்பதே பாதுகாப்பு.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு, பாராதைராய்டு கோளாறு, சார்கோய்டோசிஸ், காசநோய் உள்ளவர்கள், தயாசைடு வகை நீர்மாத்திரை அல்லது டிகாக்சின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

சிங்கப்பூர் வெயிலும் சாப்பாடும்

காலை ஏழரை மணி நடை உடலுக்கு நல்லது. வைட்டமின் டிக்கு அல்ல. இங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கிறது, உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணியை ஒட்டி. தோலில் டி தயாரிக்கும் கதிர் சூரியன் உயரே இருக்கும்போதுதான் தரைக்கு வரும். எளிய அளவுகோல் உங்கள் நிழல்: நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் டி அதிகம் கிடைக்காது. நிழல் உயரத்தைவிடக் குட்டையாவது ஏறக்குறையக் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை.

அதே நேரத்தில்தான் தோல் எரியவும் செய்யும். தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் புற ஊதாக் குறியீடு நடுப்பகலில் 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆகவே பத்து, பத்தரை மணிக்குச் சந்தைக்குப் போகும்போது கையும் முன்காலும் வெளியே தெரியப் பதினைந்து இருபது நிமிடம், வாரத்தில் சில நாள் போதும். முகத்துக்குக் குடையோ தொப்பியோ இருக்கட்டும். தோல் சிவக்கும் அல்லது எரியும்வரை நிற்கவே கூடாது. கண்ணாடி ஜன்னல் இந்தக் கதிரை மறைத்துவிடும், வரவேற்பறையில் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்வதால் பயனில்லை. லூபஸ் உள்ளவர்களும், வெயில் கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களும் மாத்திரை வழியே போகட்டும்.

சாப்பாட்டில் டி அதிகம் உள்ளவை கொழுப்பு மீன்கள்: சால்மன், மத்தி, கானாங்கெளுத்தி. டின் மத்தியில் 100 கிராமுக்குச் சுமார் 190 ஐயு. ஒரு முட்டையில் 40 ஐயு அளவு, அதுவும் மஞ்சள் கருவில். டி சேர்த்த பால் என்றால் அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். குறைபாட்டைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது கடினம், நிரம்பியதைக் காக்க உதவும்.

இனி முழங்காலுக்கு

வலியைக் குறைப்பதில் முதல் இடம் தொடைத்தசைக்கு. தசை பலமாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் வரும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். மெலிந்தால் அத்தனையும் மூட்டின் மேல் இறங்கும். பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் வலி கூடும், அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வலிக்கு அளவுகோல் இது: பத்துக்கு மூன்று நான்கு வரை பரவாயில்லை, ஆனால் மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள்.

கால் நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். முட்டியின் பின்புறத்தால் துண்டைக் கீழே அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை. அடுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஓரடி உயரம் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள், பக்கத்துக்குப் பத்து. எவ்வளவு வலி உள்ளவரும் இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம்.

முதன்மைப் பயிற்சி நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. சக்கரம் இல்லாத, 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டி, உடம்பை முன்னே சாய்த்து எழுந்து, மூன்று விநாடி எடுத்து மெதுவாக உட்காருங்கள். எட்டு முதல் பத்து முறை, இரண்டு சுற்று; பழகியபின் மூன்று. மெதுவாக இறங்குவதில்தான் பயன், பொத்தென்று விழுந்தால் ஒன்றுமில்லை. முட்டி இரண்டும் உள்ளே சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனம்: ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியைப் பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். எழவே முடியவில்லை என்றால் கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை உயர்த்தி, வாரம் வாரம் குறைத்து வாருங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து புளோக் படிக்கட்டின் கீழ்ப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்குங்கள், ஒவ்வொரு காலுக்கும் எட்டு. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவதையும் சோறு வேகும் நேரத்தில் செய்துவிடலாம். நடக்கவே வலிப்பவர்கள் பொது நீச்சல் குளத்தில் மார்பளவு நீரில் இருபது நிமிடம் நடக்கட்டும். நீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும். வீட்டுக்கருகில் துடிப்பான மூப்படைதல் நிலையம் இருந்தால் அங்கே குழுவாகச் செய்வது தொடர்ந்து செய்ய உதவும்.

எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. 80 கிலோ உள்ளவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். பலர் அதே பக்கம் பிடித்து இடுப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பளவு இருக்க வேண்டும். கோயிலில் சம்மணமிட முடியவில்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுங்கள், தொழுகையையும் நாற்காலியில் தொழலாம். அதில் குறை எதுவும் இல்லை.

வலி அதிகமான நாளில் 1 சதவீத டைக்லோஃபெனாக் களிம்பு, ஒரு முட்டிக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு முறை வரை. கூடவே அதே வகை வலி மாத்திரையை (டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை) விழுங்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையும் நீர்மாத்திரையும் எடுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். "மூலிகை" என்று சொல்லி, பெயர் விவரமில்லாமல் கைமாறும் மூட்டுவலி உருண்டைகளைத் தொடவே வேண்டாம். இத்தகைய பொருட்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே வாரக்கணக்கில் எடுத்துவந்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

மறு பரிசோதனை

குறைபாட்டுக்கு மாத்திரை தொடங்கியவர்கள் மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். ரத்தத்தில் டி நிலைபெற அவ்வளவு காலம் ஆகும், ஒரு மாதத்தில் எடுத்தால் பாதி வழியில் நிறுத்திப் படம் எடுத்தது போலாகும். தினம் 1,000 ஐயு எடுத்தால் சுமார் 10 நேனோகிராம் வரை ஏறும்; பருமனானவர்களுக்கு அதைவிடக் குறைவு. எண்ணே நகரவில்லை என்றால் முதலில் விடுபட்ட நாட்களை எண்ணுங்கள், பிறகு வெறும் வயிற்றில் எடுக்கிறீர்களா என்று பாருங்கள், அதன்பின் குடல் உறிஞ்சலைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 20ஐத் தாண்டி நிலைத்துவிட்டால் தினம் 800 முதல் 1,000 ஐயு போதும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

முட்டி திடீரென்று சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் நான்கு அடிகூட ஊன்ற முடியாவிட்டாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி மூச்சுத் திணறினாலோ மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறலுக்கு 995ஐ அழையுங்கள்.